எழுத்தரில் தொடங்கியது: சிங்கப்பூர்க் காவல்துறையில் சீருடை அணியாதவர்கள்

சிங்கப்பூரின் முதல் காவல்படையில் மொத்தம் 12 பேர். 1820இல் பிரான்சிஸ் பெர்னார்டின் பொறுப்பில் அமைந்த அந்தப் படையில் அவரைத் தவிர ஓர் எழுத்தர், ஒரு சிறைக்காவலர், ஒரு ஜமேதார், எட்டுப் பியூன்கள் (அன்றைய காவலர்கள்). ரோந்து போக எட்டுப் பேர், எழுதிவைக்க ஒருவர். யார் புகார் கொடுத்தார், யாரைப் பிடித்தார்கள், எதற்குப் பிடித்தார்கள் என்று பதிவு செய்ய ஆள் இல்லாவிட்டால் பிடித்ததற்கே பொருள் இல்லை என்பது, ஊரே இன்னும் உருவாகாத அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

இரண்டு நூற்றாண்டு கழிந்தும் நம் வீடுகளில் இது ஏறவில்லை. மகளுக்குப் போலீசில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அடுத்த கேள்வி எந்த ஸ்டேஷன், துப்பாக்கி கொடுப்பார்களா என்பதுதான். சிவிலியன் வேலை என்று விளக்கியதும் கேட்டவரின் முகத்தில் ஆர்வம் வடிந்துவிடும். "ஓ, ஆபீஸ் வேலையா" என்பதோடு பேச்சு திருமண மண்டபத்துச் சாப்பாட்டுக்குப் போய்விடும். குற்றம் தெருவிலிருந்து கைப்பேசித் திரைக்கு இடம் மாறிய பிறகு, வழக்கின் கனமும் அந்த 'ஆபீசு'க்குள் வந்து சேர்ந்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ளாமல் அந்த வேலையை எடை போட முடியாது.

முதலில் யார் யார் என்பதைப் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் இங்கே குழப்பம் அதிகம். கடைத்தொகுதியிலும் விமான நிலையத்திலும் நிலவழிச் சோதனைச்சாவடியிலும் நாம் பார்க்கும் செர்டிஸ், ஏட்டோஸ் ஆட்கள் துணைக் காவல் அதிகாரிகள். சீருடை உண்டு, பணிக்கேற்ப இடுப்பில் துப்பாக்கியும் உண்டு, சட்டம் தந்த அதிகாரமும் ஓரளவு உண்டு. ஆனால் அவர்கள் நிறுவன ஊழியர்கள். செர்டிசின் வேர் 1972இல் தொடங்கிய சிஸ்கோ என்ற அரசு வாரியம். அது 2005இல் நிறுவனமாக மாற்றப்பட்டது. ஏட்டோஸ் 2004இல் வந்தது. இந்த வேலைக்கு மலேசியர்கள் வெகுகாலமாக வருகிறார்கள். 2017இலிருந்து தைவானிலும் ஆள் எடுத்தார்கள். இன்னொரு பக்கம், 1946இல் தொடங்கிய தொண்டூழியச் சிறப்புக் காவல்படை. பகலில் வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் சீருடை அணிந்து ரோந்து போகிறவர்கள் இவர்கள். பணியில் இருக்கும்போது வழக்கமான காவலருக்கு உள்ள அதிகாரம் இவர்களுக்கும் உண்டு. தேசிய சேவைப் பையன்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

சிவிலியன் ஊழியர் இந்த மூவருக்கும் நேர் எதிர். அவர் முழுநேர அரசு ஊழியர், காவல்துறைக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்பவர், வழக்குக் கோப்பு அவர் கையில் இருக்கிறது. ஆனால் சீருடை இல்லை, பெரும்பாலோருக்குக் கைது செய்யும் அதிகாரமும் இல்லை. கோப்பே பார்க்காத துணைக் காவலருக்குத் தொப்பி இருக்கிறது, முழுக் கோப்பையும் படித்தவருக்கு இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு யார் 'உண்மையான போலீஸ்' என்று தோன்றும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

காண்டோன்மண்ட் காவல் வளாகத்தில் இருக்கும், நிதிக் குற்றங்களை விசாரிக்கும் வர்த்தக விவகாரப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் நிதியமைச்சின்கீழ் தொடங்கிய இது 2000இல் காவல்துறைக்குள் வந்தது. வந்தபோதே கணக்காளர், சட்டம் படித்தவர், நிதித்துறையில் வேலை பார்த்தவர் என்று சிவிலியன்களோடுதான் வந்தது. இங்கே வர்த்தக விவகார அதிகாரி என்ற பெயரில் விசாரணை நடத்துபவர்களில் பலர் காவல் பயிற்சியிலிருந்து மேலே வந்தவர்கள் அல்லர். காவல்படைச் சட்டமே இவர்களைத் தனியாகக் குறிப்பிட்டு விசாரணை அதிகாரம் கொடுத்திருக்கிறது. சம்பவ இடத்துக்குப் போகும் தடயவியல் வல்லுநர்களுக்கும் அப்படியே. சீருடைக்கும் அதிகாரத்துக்கும் இடையே நாம் மனத்தில் போட்டு வைத்திருக்கும் முடிச்சைச் சட்டம் அவிழ்த்துப் பல காலம் ஆகிறது.

2023 ஆகஸ்ட் 15 அன்று 400க்கும் மேற்பட்ட அதிகாரிகள் தீவு முழுவதும் ஒரே நேரத்தில் சோதனை நடத்திப் பத்து வெளிநாட்டினரைக் கைது செய்த, கள்ளப்பணத்தை நல்ல பணமாக்கிய வழக்கு நினைவிருக்கும். பங்களாக்கள், கார்கள், கைப்பைகள், தங்கக் கட்டிகள் என்று படங்கள் வந்தன. கைப்பற்றியதும் முடக்கியதும் சேர்ந்து ஏறத்தாழ 300 கோடி வெள்ளி. கதவைத் தட்டிய அந்த ஒரு நாளை எல்லாரும் பார்த்தோம். அதற்கு முன்னும் பின்னும் யார் பெயரில் எந்த நிறுவனம், எந்த வங்கிக் கணக்கிலிருந்து எங்கே பணம் போனது, கொடுத்த ஆவணம் மெய்யா பொய்யா என்று மாதக்கணக்கில் வரிவரியாகப் பார்த்ததை யாரும் படம் எடுக்கவில்லை. பத்துப் பேரும் 2024 ஜூனுக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார்கள். எதிர்த்து வாதாடி இழுத்தடிக்க முடியாத அளவுக்குத் தாள்கள் பேசியிருக்கின்றன என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மோசடித் தடுப்பில் இது இன்னும் வெளிப்படை. 2019 ஜூனில் மோசடித் தடுப்பு நிலையம் தொடங்கியது. 2022 மார்ச்சில் அது பெரிய தளபத்தியமாக (கமாண்ட்) விரிந்தது. அங்கே டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி போன்ற வங்கிகளின் ஊழியர்களே காவல் அதிகாரிகளோடு ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம் எளிது. ஏமாந்தவர் புகார் கொடுக்கும்போது பணம் முதல் கணக்கைத் தாண்டி இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ போய்க்கொண்டிருக்கும். முன்பெல்லாம் வங்கிக்குக் கடிதம் எழுதிப் பதில் வர நாள்கள் ஆகும். அதற்குள் பணம் கடல் கடந்திருக்கும். பக்கத்து நாற்காலியில் வங்கிக்காரர் இருந்தால் அன்றைக்கே கணக்கை முடக்கலாம். 2023இல் பதிவான மோசடிகள் 46,563. 2024இல் அது 51,501 ஆனது. இழந்த பணம் முதன்முறையாக 100 கோடி வெள்ளியைத் தாண்டி 110 கோடியைத் தொட்டது. இவ்வளவுக்கும் ஓடிப்போய்ப் பிடிக்கத் தெருவில் ஆள் இல்லை. திருடன் வேறு நாட்டில் ஏதோ ஒரு கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறான். இங்கே இருப்பது பணம் போன தடம் மட்டும்.

2025 ஜூலை 1இலிருந்து இன்னொரு சட்டமும் நடப்பில் இருக்கிறது. தான் ஏமாற்றப்படுகிறோம் என்று நம்ப மறுத்து, சொல்லச் சொல்லக் கேட்காமல் பணம் அனுப்பிக்கொண்டே இருப்பவரின் கணக்கை முதலில் 30 நாள்கள் வரை கட்டுப்படுத்தும்படி காவல்துறை வங்கிக்கு உத்தரவிடலாம். உத்தரவு போடும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அந்த மனிதரோடு பொறுமையாகப் பேசி, "ஆண்ட்டி, அவர் உங்களைக் கல்யாணம் பண்ணிக்க வரமாட்டார்" என்று எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும். அதற்கு வேண்டிய திறமையைத் துப்பாக்கிச் சுடும் தளத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் மூத்தோர் நம்மிடையே எத்தனை பேர் என்பதை யோசித்தால், இந்த மேசைகளில் தமிழ் தெரிந்தவர்கள் ஏன் இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

மொழி என்றதும் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழருக்கு இந்தத் துறையில் மிக நெருக்கமான வேலை அதுதான். மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு விசாரணையில் வாக்குமூலம் வாங்குவது பற்றியது. சொன்னதை எழுத்தில் பதிய வேண்டும், அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், ஆங்கிலம் புரியாதவர் என்றால் புரிகிற மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், பிறகுதான் கையெழுத்து. குற்றம் சாட்டப்பட்டவருக்கு எச்சரிக்கை தந்து வாங்கும் வாக்குமூலம் 23ஆம் பிரிவில் வருகிறது. பல நாடுகளில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்துக்கு நீதிமன்றத்தில் பெரிய மதிப்பு கிடையாது, இந்தியாவில் அப்படித்தான். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அந்த நினைப்போடுதான் உட்காருவார்கள், 'கோர்ட்டுல மாத்திச் சொல்லிக்கலாம்' என்று. சிங்கப்பூரில் சார்ஜண்ட் அல்லது அதற்கு மேற்பட்ட தகுதியுள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்கலாம். மிரட்டலோ ஆசைகாட்டலோ இல்லாமல் தாமாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே அந்தச் சின்ன அறையில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் ஒவ்வொரு வாக்கியமும் பின்னால் ஒருவரின் சிறைக்காலத்தைத் தீர்மானிக்கக்கூடும்.

மொழிபெயர்ப்பாளரின் கட்டுப்பாடு இங்கேதான் தெரியும். எதிரே இருப்பவர் சுற்றி வளைத்துப் பேசுவார், முன்னுக்குப்பின் முரணாகப் பேசுவார், கோபத்தில் கெட்ட வார்த்தையும் வரும். அதைச் சீராக்கி அழகான ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டால் உதவி செய்ததாகத் தோன்றும். உண்மையில் அது கெடுதல். குழப்பமாகச் சொன்னால் குழப்பமாகவே போக வேண்டும். அவர் சொல்லாத காரணத்தைச் சேர்க்கக் கூடாது, பரிதாபப்பட்டு ஒரு சொல்லை மென்மையாக்கக் கூடாது. நம் ஊர்க்காரர், நம் சாதிசனம், பார்த்தால் பாவமாக இருக்கிறது என்ற எண்ணமெல்லாம் கதவுக்கு வெளியே. வாக்குமூலம் தாமாகக் கொடுத்ததல்ல என்று நீதிமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தால், அதை மட்டும் முடிவு செய்யத் தனி விசாரணை நடக்கும். எழுதிய அதிகாரியோடு மொழிபெயர்ப்பாளரும் சாட்சிக்கூண்டில் ஏறுவார். அன்று எப்படிக் கேட்டீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், வாசித்துக் காட்டினீர்களா, திருத்தம் கேட்டாரா என்று வழக்கறிஞர் குடைவார். 2018இல் வந்த குற்றவியல் நீதிச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு சில விசாரணைகளைக் காணொளியில் பதிகிறார்கள். அப்போது மொழிபெயர்ப்பாளரின் தடுமாற்றமும் சேர்ந்தே பதிவாகும்.

இதைச் சும்மா பெரிதுபடுத்துவதாக நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கு. இந்தோனீசியப் பணிப்பெண் பார்த்தி லியானி, முதலாளி வீட்டில் திருடியதாக 26 மாதச் சிறைத்தண்டனை பெற்று, 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். தீர்ப்புக்குப் பல காரணங்கள் உண்டு. அவரிடம் வாக்குமூலம் வாங்கியபோது பஹாசா இந்தோனீசியாவுக்கு உரிய மொழிபெயர்ப்பாளர் இல்லாததும் அங்கே பேசப்பட்டது. மலாய்க்கும் இந்தோனீசிய மொழிக்கும் வித்தியாசம் சின்னதுதானே என்று கடந்துபோனால் வழக்கு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நமக்கும் இதே ஆபத்து இருக்கிறது. லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் நிற்கும் எல்லாரும் தமிழர் என்ற நினைப்பில் ஆந்திராவிலிருந்து வந்தவரையும் பங்களாதேஷிலிருந்து வந்தவரையும் தமிழ் மேசைக்கு அனுப்பினால், அவர் தலையாட்டுவார். தலையாட்டுவதை ஒப்புதல் என்று எழுதிவிடக் கூடாது.

2013 டிசம்பர் 8 அன்று நடந்த லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு காவல்துறை ஏறத்தாழ 4,000 வெளிநாட்டு ஊழியர்களிடம் விசாரித்தது. 25 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது, 57 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அத்தனை பேரிடமும் ஆங்கிலத்தில் பேசியிருக்க முடியாது என்பது தெரிந்ததே. அந்த வாரங்களில் மொழி தெரிந்தவர்கள் எவ்வளவு தேவைப்பட்டிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு கலவரத்துக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, கலவரத்துக்கு முன் நடந்த பேருந்து விபத்து பற்றியும் மீட்புப் பணி பற்றியும் கூட்டத்துக்கு ஏற்பட்ட தவறான எண்ணம். அந்த இடத்தில் யாராவது ஒலிபெருக்கியில் தமிழில் இரண்டு வரி விளக்கியிருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. குடியும் கோபமும் கலந்த கூட்டம் கேட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அதே குழுவின்முன் அப்போதைய காவல்துறை ஆணையர், தமக்கு இன்னும் 1,000 அதிகாரிகள் தேவை என்றார். ஆள் பற்றாக்குறை என்பது சீருடையை மட்டும் நிரப்பித் தீர்கிற விஷயமில்லை. மேசை வேலைக்குச் சிவிலியன் கிடைத்தால், அங்கே உட்கார்ந்திருந்த காவலர் தெருவுக்குப் போகலாம்.

சம்பளம் வாங்காத ஒரு பணியும் உண்டு. 14 வயது மாணவர் ஒருவர் 2016இல் காவல் விசாரணைக்குப் பின் வீடு திரும்பி அன்றே இறந்த துயரத்தை அடுத்து, இளையரை விசாரிக்கும் முறை மறுஆய்வு செய்யப்பட்டது. 2017இல் 16 வயதுக்குட்பட்ட சந்தேகநபருடன் விசாரணையின்போது பயிற்சி பெற்ற ஒரு தொண்டூழியர் உட்காரும் திட்டம் வந்தது. தொண்டூழியர்களைத் தருவது சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம். மனநலக் குறைபாடு உள்ளவர்களுக்கு இதற்கு முன்பே இதுபோன்ற திட்டம் இருந்தது. இந்தத் தொண்டூழியர் வக்கீல் இல்லை, பெற்றோர் இல்லை, பிள்ளைக்காகப் பதில் சொல்லக் கூடாது, வழக்கு பற்றி ஆலோசனை தரக் கூடாது. கேள்வி பிள்ளைக்குப் புரிகிறதா, பயந்துபோயிருக்கிறானா, தண்ணீர் வேண்டுமா, கொஞ்சம் ஓய்வு வேண்டுமா என்று பார்த்துச் சொல்வது மட்டுமே வேலை. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நடுங்கும் பிள்ளையின் அருகில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்து உதவ முடிந்தும் திறக்காமல் இருப்பது ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குக்கூடக் கடினம் என்பார்கள்.

இனி வேலைக்கு வெளியே வரும் சிக்கல். நம் சமூகம் சின்னது. கோயில் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "அக்கா, எங்க மச்சான் பையன்மேல ஏதோ கேஸாம், எந்த அளவுல இருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்களேன்." கேட்பவருக்கு இதில் தவறே தெரியாது, ஊரில் தெரிந்த போலீஸ்காரரிடம் கேட்பது போலத்தான். பார்த்துச் சொன்னால் என்ன ஆகும்? கணினிப் பதிவேட்டை யார், எப்போது, எந்தப் பெயரைத் தேடித் திறந்தார் என்பது பதிவாகிறது. வேலைத் தேவை இல்லாமல் திறப்பது கணினி முறைகேட்டுச் சட்டத்தின்கீழ் குற்றம். அப்படித் திறந்த அதிகாரிகள் நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். வெளியே சொன்னால் 1935ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டமும் சேரும். நன்றி என்று ஒரு உறை நீட்டப்பட்டுவிட்டால் அது கோப்பிக் காசு. லஞ்ச ஒழிப்புப் புலனாய்வுப் பிரிவின் வேலை அது. பழகியவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அண்ணே, ரிப்போர்ட் நம்பரும் ஐஓ (விசாரணை அதிகாரி) பெயரும் கையில இருக்குமே, நேரா அவரையே கூப்பிட்டுக் கேளுங்க." இதனால் உறவில் சில காலம் மனக்கசப்பு வரும். வரட்டும். அதையும் சேர்த்துத்தான் சம்பளம் தருகிறார்கள்.

சம்பளம் பற்றிச் சுருக்கமாக. சிவிலியன்கள் மற்ற அமைச்சு ஊழியர்களைப் போன்ற அரசுச் சேவைத் திட்டத்தில் இருக்கிறார்கள். 13ஆவது மாத ஊதியம், ஆண்டு நடுவிலும் இறுதியிலும் பொருளியலைப் பொறுத்து ஏறி இறங்கும் மாறுவிகித ஊதியம், மத்திய சேம நிதி எல்லாம் உண்டு. சீருடை அதிகாரிகளுக்கு உள்ள 'இன்வெஸ்ட்' சேமிப்புத் திட்டம் இவர்களுக்கு இல்லை. முதலாம் பிரிவு, நான்காம் பிரிவு என்று அரசு ஊழியர்களை வகைப்படுத்திய பழைய பெயர்கள் 2017இல் எடுக்கப்பட்டன. பெயர் போனது, மனத்தில் உள்ள படிக்கட்டு அவ்வளவு சீக்கிரம் போகாது. உளவியலாளரோ தரவு ஆய்வாளரோ தம் துறையில் உயரலாம். ஆனால் ஆணையர் நாற்காலிக்குப் போகும் பாதை சீருடையின் பக்கம்தான் இருக்கிறது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சேர்வது நல்லது. பிறகு புலம்பிப் பயனில்லை.

எல்லா மேசைகளும் நிலைக்கும் என்றும் சொல்ல மாட்டேன். 1983இல் தோ பாயோவில் தொடங்கிய அக்கம்பக்கக் காவல் சாவடிகளில் ஒரு காலத்தில் ஆள் உட்கார்ந்து புகார் எழுதினார். 2017இலிருந்து பல இடங்களில் அந்த வேலையைத் தானியங்கிச் சாதனம் செய்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளிலும் கார்நிறுத்தங்களிலும் 90,000க்கும் மேற்பட்ட காவல்துறைக் கேமராக்கள் உள்ளன. அவை பதிவதை எல்லாம் மனிதர் உட்கார்ந்து பார்க்க முடியாது. 2019 டிசம்பரில் காவல்துறை உள்ளிட்ட உள்துறைக் குழுவுக்கென எச்டிஎக்ஸ் என்ற அறிவியல், தொழில்நுட்ப அமைப்பு உருவானபோது பொறியாளர், ஆய்வக வல்லுநர் பணிகளில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. எழுதிப் பதிந்து கோப்பில் சேர்க்கும் வேலை சுருங்கும். எதிரே இருப்பவரோடு பேசி, கேட்டு, எடைபோட்டு முடிவெடுக்கும் வேலை அவ்வளவு சுலபத்தில் சுருங்காது.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் விளம்பரத்தில் 'அதிகாரி' என்ற சொல்லை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பணி எந்தப் பிரிவில், வழக்குக் கோப்போடு தொடர்பு உண்டா, ஷிஃப்ட் உண்டா, சட்டம் தரும் அதிகாரம் ஏதும் சேருமா, நிரந்தரமா ஒப்பந்தமா என்று நேர்முகத்தேர்வில் கேட்டுவிடுங்கள். கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தமிழை வாசிக்க, எழுத, வட்டார வழக்கைப் புரிந்துகொள்ள முடியும் என்றால் அதை விண்ணப்பத்தில் மேலேயே எழுதுங்கள். பலர் அதைப் பொழுதுபோக்குகளோடு சேர்த்துக் கடைசி வரியில் போடுகிறார்கள். பின்புலச் சோதனையில் குடும்பம், கடன், பழைய வழக்கு என்று எல்லாம் கேட்பார்கள். மறைத்தது பின்னால் தெரிய வந்தால் இருந்த வாய்ப்பும் போகும். நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையை விட்டுவிடாதீர்கள்.